விண்கல்லும் பழைய பயண நூலும் சேர்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

22 வருடமாக இரண்டு பொருட்களைச் சேர்த்து வருகிறேன். ஒன்று விண்கல். இன்னொன்று, தெரியாத தேசங்களைத் தேடிப் போனவர்கள் எழுதிய பழைய புத்தகம். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் ஆரம்பித்து உறவினர் வீட்டுக் கல்யாணப் பந்தி வரை, இதைப் பற்றித் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். சென்னையில் இருந்துகொண்டு சேர்ப்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கல்லுக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்? ஏன் இரண்டையும் சேர்த்துச் சேகரிக்கிறீர்கள்?

இரண்டும் ஒரே கதையின் இரு பாதிகள் என்று நான் நினைக்கிறேன். வானத்திலிருந்து கல் விழும் என்பதை 18ஆம் நூற்றாண்டின் படித்த உலகம் நம்பவில்லை. கிராமத்து ஜனங்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியதில் பயணிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1772இல் சைபீரியாவில், கிராஸ்நயார்ஸ்க் பக்கம், சுமார் 700 கிலோ எடையுள்ள ஒரு விசித்திரமான இரும்புக் கட்டியைப் பார்த்தார். கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையான இரும்பு. ஒவ்வொரு ஓட்டையிலும் தேன் நிறத்தில் கண்ணாடி போன்ற மணிகள், ஒலிவின் என்ற கனிமம். அதை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பி வைத்து, தன் பயண நூலிலும் எழுதினார். அந்தக் கட்டியைப் பற்றிய விவரங்களை வைத்துத்தான் 1794இல் கிளாட்னி என்ற ஜெர்மானியர், இவை பூமிக்கு வெளியிலிருந்து வந்தவை என்று துணிந்து வாதிட்டார். இன்றும் அந்த வகைக் கல்லுக்குப் பல்லசைட் என்றே பெயர்.

இதில் நம் நாட்டுக் கல்லுக்கும் இடமுண்டு. 1798 டிசம்பர் 19 அன்று காசிக்கு அருகே கற்கள் விழுந்தன. அவற்றில் ஒன்று லண்டன் போய்ச் சேர்ந்தது. எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1802இல் அதையும் வேறு நாடுகளில் விழுந்த கற்களையும் ஒன்றாக வைத்துப் பகுத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் நிக்கல் இருப்பதைக் காட்டினார். வெவ்வேறு மண்ணில் விழுந்த கற்களுக்கு ஒரே சாயல் என்றால் அவை எந்த மண்ணிலும் பிறந்தவை அல்ல. அடுத்த வருடமே பிரான்சின் லேக்ல் ஊரில் ஆயிரக்கணக்கில் கற்கள் கொட்டின. அதற்குப் பிறகு எதிர்ப்பு ஓய்ந்தது.

வடதுருவப் பக்கம் போனால் ஜான் ராஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர். 1818இல் கிரீன்லாந்தின் வடமேற்கில் அவர் சந்தித்த இன்யூட் என்ற பூர்வகுடி மக்களிடம் இரும்பு முனை வைத்த கத்திகள் இருந்தன. உலை இல்லாத ஊரில் இரும்பு எங்கிருந்து வந்தது? விண்கல்லிலிருந்து தட்டி எடுத்தது. அந்தப் பயணத்தின் நூல் 1819இல் வந்தது. எண்பது வருடம் கழித்து ராபர்ட் பியரி என்ற அமெரிக்கப் பயணி அதே கற்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பெரியது சுமார் 31 டன். நியூயார்க் அருங்காட்சியகம் 40,000 டாலர் கொடுத்து வாங்கியது. அதே 1897 பயணத்தில் அவர் அழைத்துப் போன ஆறு இன்யூட் மக்களில் நான்கு பேர் நியூயார்க்கில் நோய் கண்டு இறந்தார்கள். ஒரு இனம் தலைமுறை தலைமுறையாகக் கத்தி செய்து வாழ்ந்த இரும்பு அது. பியரியின் 1898ஆம் ஆண்டு நூலைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. சேகரிப்பவன் இதைத் தெரிந்துகொள்ளாமல் சேகரிக்கக் கூடாது.

தென்துருவத்தில் ஆஸ்திரேலியப் பயணி டக்ளஸ் மாசனின் குழு. அண்டார்க்டிகாவில் முதன்முதலாக ஒரு விண்கல்லைக் கண்டெடுத்தது அவருடைய ஆட்கள்தான், 1912 டிசம்பரில். வெள்ளைப் பனியில் கறுப்பாக ஒரு கல் கிடந்தது. 1915இல் வந்த அவருடைய இரண்டு பாக நூலில் அது இருக்கிறது. இப்படிக் கல்லைத் தொட்டால் புத்தகம் வருகிறது, புத்தகத்தைத் திறந்தால் கல் வருகிறது.

தமிழ்நாட்டில் விண்கல் விழுந்திருக்கிறதா?

விழுந்திருக்கிறது, பதிவாகியும் இருக்கிறது. 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைக்குத் தெற்கே, பெருநாழி வட்டாரத்தில் விழுந்த கற்கள் மொத்தம் 77 கிலோவுக்கு மேல். உலகப் பட்டியலில் அதன் பெயர் 'பர்னல்லி'. நம் ஊர்ப் பெயர் ஆங்கில வாயில் புகுந்து அப்படி ஆகிவிட்டது. சூடேறி உருமாறாத பழமையான காண்ட்ரைட் (உள்ளே சிறு உருண்டை மணிகள் உள்ள கல்) வகை என்பதால் இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். 1886இல் அன்றைய தென்னாற்காட்டில் நம்மியந்தல். 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்தவை மொத்தம் நூறு கிலோவுக்கு மேல்.

எனக்கு மிகவும் பிடித்தது கொடைக்கானல் இரும்பு. 1898இல் பழனி மலையில் கிடைத்தது, ஏறக்குறைய 16 கிலோ. பொதுவாக விண்கற்களின் வயது 450 கோடி ஆண்டுக்கு மேல். கொடைக்கானல் கல்லோ சுமார் 370 கோடி ஆண்டுக்கு முன்புதான் இறுகியது என்று அளந்து சொன்னார்கள். அப்படியானால் சூரியக் குடும்பம் பிறந்து வெகுகாலம் கழித்து, ஏதோ ஒரு குறுங்கோளில் பெரிய மோதல் நடந்து மறுபடி உருகியிருக்க வேண்டும். நம் மலையில் கிடந்த ஒரு கட்டி உலகத்து ஆய்வாளர்களை எவ்வளவு யோசிக்க வைத்திருக்கிறது பாருங்கள்.

2016 பிப்ரவரியில் அன்றைய வேலூர் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிச் சத்தத்தோடு ஓர் ஓட்டுநர் இறந்தாரே, அது விண்கல்லா என்றும் கேட்பார்கள். அப்போது அப்படித்தான் செய்தி வந்தது. ஆனால் நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்து, தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். உலக விண்கல் பட்டியலில் அது சேரவில்லை.

விழும் விண்மீனைப் பற்றித் தமிழில் எழுதியது இன்று நேற்றல்ல. புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார், பங்குனி இரவில் ஒரு மீன் வீழ்ந்ததைக் கண்டு மன்னனுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுகிறார். அன்று எந்த நட்சத்திரம் எங்கே நின்றது என்பதைக்கூட வரிசையாகச் சொல்லிவிடுகிறார். பதிவு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

என் நிலத்தில் விழுந்தால் நானே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தியாவில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பு இந்திய நிலவியல் ஆய்வுத் துறை. பிரிட்டிஷ் காலத்திலிருந்தே அதுதான் நடைமுறை. சென்னையிலும் அதன் அலுவலகம் உண்டு. விழுந்ததைப் பார்த்தால் நேரம், திசை, சத்தம், எத்தனை துண்டு என்பதை உடனே எழுதுங்கள். கல் கிடந்த இடத்தையும் குழியையும் படம் எடுங்கள். கழுவாதீர்கள், மஞ்சள் குங்குமம் வைக்காதீர்கள், சுத்தியலால் உடைக்காதீர்கள். சுத்தமான பிளாஸ்டிக் உறையில் போட்டு கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ தெரிவியுங்கள். மழை படுவதற்குள் கல் ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வது அறிவியலுக்குப் பெரிய உதவி.

அப்படியானால் விற்பனைக்கு வரும் விண்கல் எங்கிருந்து வருகிறது? எதை நம்பி வாங்குவது?

பெரும்பாலும் சகாரா பாலைவனத்திலிருந்து. 'வடமேற்கு ஆப்பிரிக்கா' என்ற பெயரும் ஓர் எண்ணும் போட்டு வருபவை அவை. அப்புறம் அர்ஜென்டினாவின் காம்போ தெல் சியலோ, ரஷ்யாவில் 1947இல் விழுந்த சிகோட்டே அலின், 2013இல் விழுந்த செல்யாபின்ஸ்க், மெக்சிகோவில் 1969இல் விழுந்த அயெந்தே. சில நாடுகள் ஏற்றுமதியைத் தடுத்திருக்கின்றன. நமீபியாவின் கிபியோன் இரும்பு சந்தையில் நிறைய சுற்றினாலும் அதை இப்போது அங்கிருந்து கொண்டுவர முடியாது. அர்ஜென்டினா 2007இல் சட்டமே போட்டது. பழைய சேகரிப்பிலிருந்து வருகிறது என்றால் அதற்கான காகிதத்தைக் கேளுங்கள். அண்டார்க்டிகா கல் என்று யாராவது புதிதாக விற்றால் வாங்காதீர்கள். அங்கே கிடைப்பவை ஆய்வுக்கு மட்டும்.

நான் கல்லை விடச் சீட்டைத்தான் முதலில் பார்ப்பேன். பெயர், வகை, எடை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதிய சீட்டு. பெயர் சரியா என்பதை மீட்டியரிட்டிகல் சொசைட்டி என்ற உலக விண்கல் ஆய்வாளர் சங்கம் நடத்தும் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 70,000க்கு மேல் கற்கள் அதில் இருக்கின்றன. நீங்கள் வாங்கிய பிறகு உங்கள் பெயரையும் தேதியையும் சேர்த்து, பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் இரண்டையும் பெட்டியிலேயே வையுங்கள். சீட்டு தொலைந்துவிட்டால் 456 கோடி வருடத்துக் கல் வெறும் கனமான கல்லாகிவிடும். அடுத்தவருக்கு அது எதுவும் சொல்லாது.

கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தது. விண்கல்தானே?

எனக்குக் காட்டப்பட்ட ஐம்பது, அறுபது கற்களில் ஒன்றுகூட விண்கல் இல்லை. வருத்தப்பட வேண்டாம், அவ்வளவு அரியது அது. சென்னையைச் சுற்றிக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று இரும்புக் கசடு. பழைய பட்டறை, உலை இருந்த இடமெல்லாம் கிடக்கும். உடைத்த முகத்தில் குமிழி குமிழியாக ஓட்டை தெரிந்தால் அதுதான். விண்கல்லில் அப்படிக் குமிழி இருப்பது மிக மிக அபூர்வம். மற்றொன்று சார்னோகைட். பரங்கிமலையும் பல்லாவரமும் அந்தப் பாறைதான். நீலம் கலந்த கருமை, எண்ணெய் தடவியது போல் மினுக்கு. கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் 1893இல் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பெயரை வைத்தார். விண்கல் இல்லை என்றாலும் அதைக் கீழே போட்டுவிடாதீர்கள், உலகத்துக்கே பெயர் கொடுத்த பாறை நம் பரங்கிமலையில் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. ஊறுகாய் ஜாடியின் அடியில் மெருகு இல்லாத வளையம் இருக்கும், அதில் கல்லைத் தேயுங்கள். செம்மண் நிறக் கோடு விழுந்தால் ஹெமடைட், கறுப்புக் கோடு என்றால் மேக்னடைட், இரண்டும் பூமியின் இரும்புத் தாதுக்கள். விண்கல் பெரும்பாலும் கோடு போடாது. அடுத்து அடர்த்தி. சமையலறை எலக்ட்ரானிக் தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுவதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. வெளியே 340 கிராம், தண்ணீரில் 100 காட்டினால் 340ஐ 100ஆல் வகுக்க வேண்டும், அடர்த்தி 3.4. சாதாரண விண்கல் அந்த அளவில் இருக்கும். சார்னோகைட் 2.7 பக்கம் நிற்கும். இரும்பு விண்கல் 7.8க்கு அருகே.

காந்தம் வைக்கலாமா? பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை எல்லோரும் நீட்டுகிறார்கள். வேண்டாம். கல் உண்மையிலேயே விண்கல்லாக இருந்தால் அதற்குள் கோடிக்கணக்கான வருடமாகப் பதிந்திருக்கும் காந்தத் தடத்தை வலுவான காந்தம் ஒரு நொடியில் அழித்துவிடும். திசைகாட்டி முள்ளைக் கல்லருகே கொண்டு போங்கள், முள் ஆடுகிறதா என்று பார்த்தால் போதும்.

விழுந்து கொஞ்ச நாளான கல்லில் மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும், தோசைக்கல்லில் தீய்ந்த ஓரம் போல. ஒரு முனை உடைந்திருந்தால் உள்ளே சாம்பல் நிறம், அதில் உப்புமா ரவை போல உருண்டை மணிகள், இடையிடையே மினுக்கும் இரும்புத் துகள். இவை மூன்றும் இருந்தால் மாநிலக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் நிலவியல் துறைக்குக் கொண்டு போங்கள்.

இரிடியம், ரைஸ் புல்லிங் கல் என்று சொல்லி ஒருவர் லட்சக்கணக்கில் விலை கேட்கிறார். உண்மையா?

மோசடி. அரிசியை இழுக்கும் கலசம், இடி விழுந்து இரிடியமாக மாறிய கோபுரக் கலசம், விண்கல் பட்ட செம்பு என்று எந்தப் பெயரில் வந்தாலும் மோசடி. அரிசியை எந்த உலோகமும் இழுக்காது. இரும்புத் தூள் ஏற்றிய அரிசியைக் காந்தம் இழுக்கும், அவ்வளவுதான். இடி விழுந்து செம்பு இரிடியம் ஆகாது. விண்கல்லில் இரிடியம் உண்டு, அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். வீடு வாசலை விற்றுக் கொடுத்து ஏமாந்த குடும்பங்களை நம் ஊர்ச் செய்திகளில் எத்தனை முறை பார்த்துவிட்டோம். பணம் கொடுக்காதீர்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள்.

விண்கல் விழும்போது கொதிக்குமா? வீட்டில் வைத்தால் கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

இரண்டும் இல்லை. வெளித்தோல் உருகி வழிந்தாலும் உள்ளே விண்வெளிக் குளிர் அப்படியே இருக்கும். கடைசிச் சில கிலோமீட்டர் வேகம் குறைந்து சாதாரணக் கல் போலத்தான் விழுகிறது. கதிர்வீச்சு வீட்டுக் கருங்கல்லை விட அதிகம் இல்லை.

சென்னைக் காற்றில் இரும்பு விண்கல் துருப்பிடிக்கிறதே, என்ன செய்வது?

இதுதான் இந்த ஊரில் சேர்ப்பவனின் முதல் கவலை. என் முதல் கல் 38 கிராம் காம்போ தெல் சியலோ. கண்ணாடி அலமாரியில் பஞ்சு மேல் அழகாக வைத்திருந்தேன். ஐப்பசி மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பஞ்சில் ஆரஞ்சு வட்டம், கல்லின் ஓரத்தில் வியர்வை போலப் பழுப்புத் துளிகள். விரல் பட்டதும் ஒரு செதில் உதிர்ந்தது. அது வெறும் துரு இல்லை. கல் மண்ணில் கிடந்த காலத்தில் உள்ளே போன குளோரின், ஈரம் பட்டதும் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கிறது. தின்று முடித்து மறுபடி விடுபட்டு அடுத்த அடுக்குக்குப் போகிறது. கடலோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது செய்வது இது. வெறும் கையால் தொடுவதில்லை, பருத்திக் கையுறை. வந்தவுடன் நீர் கலக்காத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு நாள் ஊறவைத்து, எடுத்து நன்றாக உலர்த்துவேன். பிறகு மெல்லிய மெழுகுப் பூச்சு. காற்றுப் புகாத டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பையோடு வைப்பேன். ஜெல் நிறம் மாறினால் வெயிலில் காய வைத்தால் போதாது, அடுப்பில் சூடாக்கி ஈரத்தை ஓட்ட வேண்டும். பஞ்சும் மரப்பெட்டியும் வேண்டவே வேண்டாம், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சிகோட்டே அலின் இந்த ஊரில் நன்றாகத் தாங்குகிறது. புதியவர்கள் அதில் தொடங்கலாம்.

இரும்பை வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவினால் தெரியும் விட்மான்ஸ்டாட்டன் கோலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இழை இழையாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும், மார்கழிக் காலையில் ஈரத் தரையில் போட்ட சிக்குக் கோலம் போல. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில நூறு, சில ஆயிரம் டிகிரி என்ற கணக்கில் ஆறினால்தான் அந்தப் படிகங்கள் வளரும். எந்த உலையிலும் அதைச் செய்ய முடியாது, அதனால் போலியிலிருந்து அசலைப் பிரிக்கும் சாட்சியும் அதுவே. அமில வேலையை வீட்டில் செய்யாதீர்கள். வெட்டிக் கோலம் எடுத்த துண்டாகவே வாங்குங்கள்.

பழைய பயண நூல்கள் சென்னையில் இப்போதும் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன, ஆனால் பொறுமை வேண்டும். மூர் மார்க்கெட் இருந்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் பெருமூச்சோடு சொல்கிறார்கள். 1985இல் அது எரிந்த பிறகு கடைக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, மயிலாப்பூர் லஸ் பக்கம், இங்கெல்லாம் இன்றும் தேடலாம். பெரும்பாலும் கல்லூரிப் பாடப் புத்தகம்தான் இருக்கும். பழைய வீட்டைக் காலி செய்யும்போது எடைக்குப் போட்ட மூட்டையில்தான் புதையல் வரும். அதனால் கடைக்காரரோடு பழகுவது முக்கியம். "அண்ணே, மேப் உள்ள பழைய இங்கிலீஷ் புக் எது வந்தாலும் எடுத்து வைங்க" என்று சொல்லி வைத்தால் மறக்க மாட்டார்கள்.

என் சேகரிப்பில் நான் பெரிதாக நினைப்பது அப்படி வந்ததுதான். பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர், திப்பு வீழ்ந்த மறு வருடம், 1800 ஏப்ரலில் மெட்ராஸிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடக் கரை, மலபார் வழியாகப் போய் எழுதிய நூல். லண்டனில் 1807இல் மூன்று பாகம். நம் ஊரிலேயே ஹிக்கின்பாதம்ஸ் 1870இல் அதை இரண்டு பாகமாக மறுபதிப்புப் போட்டது. அதன் முதல் பாகம் பாரதி சாலையில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே கிடந்தது. அட்டை போய், யாரோ கெட்டியான பழுப்புத் துணியில் மறுபடி பைண்டு செய்திருந்தார்கள். ஆரம்பப் பக்கங்களிலேயே செம்பரம்பாக்கம் ஏரி வருகிறது. தோண்டியது அல்ல, இரண்டு மேட்டுக்கு நடுவே கரை போட்டு நீரைத் தேக்கியது, ஏழெட்டு மைல் நீளம், மூன்று மைல் அகலம் என்கிறார்கள், என்று எழுதியிருக்கிறார். நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றி இருநூறு வருடத்துக்கு முன் ஒருவர் நின்று பார்த்து எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு இன்றும் சிலிர்ப்பு.

வெள்ளைக்காரர்கள் எழுதியதுதான் பயண நூலா?

இல்லை, அப்படிச் சேர்த்தால் அலமாரி பாதிதான். ஏனுகுல வீராசாமி, அன்றைய மெட்ராஸ் உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். 1830இல் பெரிய பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு மறு வருடம் திரும்பினார். தெலுங்கில் அன்றாடம் எழுதிய குறிப்பு 1838இல் மெட்ராஸில் அச்சானது. வழியில் எந்த ஊரில் என்ன கிடைக்கும், சாலை எப்படி, தண்ணீர் எப்படி என்று அவ்வளவு விவரம். தமிழில் ஏ.கே. செட்டியாரின் பயண நூல்களைத் தேடிச் சேருங்கள். 'உலகம் சுற்றும் தமிழன்' முதல் பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். பழைய தமிழ்ப் பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தவரும் அவரே.

இமயமலைப் பக்கம் குமாவோனைச் சேர்ந்த நில அளவையாளர் நயின் சிங் ராவத்தையும் சேர்க்க வேண்டும். 108 மணிக்குப் பதிலாக 100 மணி கோத்த ஜபமாலையை வைத்து அடி எண்ணிக்கொண்டே 1866இல் லாசா போய்ச் சேர்ந்தவர். அவர் அளந்த பாதை லண்டன் புவியியல் சங்க இதழில் அச்சானது, சங்கம் பிறகு தங்கப் பதக்கமும் கொடுத்தது. அந்த இதழின் உதிரி எண்கள் புத்தகத்தை விட மலிவு.

பழைய புத்தகம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

படங்களையும் வரைபடங்களையும் எண்ணுங்கள். முன்பக்கத்தில் பட்டியல் இருக்கும், அதோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பயண நூலின் உயிர் அந்த மடிப்பு வரைபடத்தில் இருக்கிறது. அதைத்தான் முதலில் கிழித்து, சட்டம் போட்டுத் தனியாக விற்கிறார்கள். அந்த வரைபடத்தை வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும் வரை புத்தகங்கள் கிழிபடும்.

நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்ற முத்திரை இல்லை என்றால் அதையும் தொடாதீர்கள். மற்றபடி பழைய உரிமையாளரின் கையெழுத்து, ஓரக் குறிப்பு, கடை முத்திரை எதையும் அழிக்காதீர்கள். கல்லுக்குச் சீட்டு போல, புத்தகத்துக்கு அவைதான் சீட்டு. பைண்டிங் பிரிந்திருந்தால் கண்ட பசை போட்டு ஒட்டாதீர்கள். செல்லோ டேப் கூடவே கூடாது. பத்து வருடத்தில் மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது.

பூச்சி, பூஞ்சை, வெள்ளம்?

இராமபாணப் பூச்சிக்கு வசம்பு. ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வந்த வழக்கம், துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதிதாக வாங்கிய புத்தகத்தை நேரே அலமாரியில் வைக்காமல் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு மாதம் தனியே வையுங்கள். துளித் துளியாய்த் தூள் விழுந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. அலமாரி சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி நிற்கட்டும், கரையான் சுவர் வழியாகத்தான் வரும். விண்கல்லுக்கு எவ்வளவு உலர்ந்தாலும் நல்லது. தோல் அட்டைக்கு அது ஆகாது, வெடித்துவிடும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

2015 டிசம்பரில் நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். செம்பரம்பாக்கம் நீர் அடையாற்றில் வந்த அந்த இரவு, கீழ் இரண்டு தட்டு முழுகிவிட்டது. 60 புத்தகத்துக்கு மேல் போயிற்று. மறுநாள் நான் செய்த தவறு, மிஞ்சியவற்றை மொட்டை மாடியில் வெயிலில் பரப்பியது. அட்டை வளைந்து, வழவழப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் போல ஆகிவிட்டன. செய்ய வேண்டியது வேறு: சேற்றைச் சுத்தமான நீரில் மூடிய நிலையிலேயே அலசி, திறக்காமல், பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். உறைந்தால் பூஞ்சை நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, உறிஞ்சு தாளை இடையில் வைத்து, நிழலில் விசிறிக்காற்றில் காய வைக்கலாம். புக்கானன் மூன்றாம் தட்டில் இருந்தது. கீழ் ஓரத்தில் ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்பு நீர்க்கோடு மட்டும். அதைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என்ன நடந்தது என்று தேதியோடு ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

என்னிடம் உள்ளதை வெளிநாட்டுக்கு விற்கலாமா?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் பார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள். 75 வருடத்துக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதி, ஆவணம் போன்றவை அதில் வரும், மற்றப் பொருட்களுக்கு 100 வருடம். சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் எழுதிக் கேளுங்கள். என் விருப்பம், இந்த ஊரைப் பற்றிய நூல் இந்த ஊரிலேயே இருக்கட்டும்.

வாங்க வசதியில்லை. படிக்கவாவது முடியுமா?

தாராளமாக. எழும்பூர் கன்னிமாரா நூலகம், 1812இல் தொடங்கி இப்போது கல்லூரிச் சாலையில் இருக்கும் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி, அடையாறு நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். லிட்டரரி சொசைட்டியில் நலிந்த ஒரு நூலைச் செப்பனிடும் செலவை நீங்கள் ஏற்கலாம். சொந்தமாக வாங்குவதை விட அது நல்ல செலவு என்று பல நேரம் தோன்றும்.

குறைந்த செலவில் எப்படித் தொடங்குவது?

பெயரும் எண்ணும் உள்ள ஒரு சாதாரண காண்ட்ரைட்டின் மெருகேற்றிய துண்டு, பத்து இருபது கிராம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். 1846இல் லண்டனில் தொடங்கிய ஹக்லூட் சொசைட்டி பதிப்பித்து வரும் பயண நூல்களில் பிடித்த ஒரு பாகம். போதும். நிலவுக் கல், செவ்வாய்க் கல் என்று முதலிலேயே போகாதீர்கள். கிராமுக்குப் பல ஆயிரம் ரூபாய், போலியும் அதிகம். செவ்வாயிலிருந்து வந்த ஒரு வகைக் கல்லுக்கே பீகாரின் ஷேர்காட்டியில் 1865இல் விழுந்த கல்லின் பெயர்தான், ஷெர்கோட்டைட். அதைப் பற்றிப் படிப்பதற்குக் காசு வேண்டாம்.

நீங்கள் இன்னும் தேடுவது எது?

புக்கானனின் இரண்டாம் பாகம். அதே 1870, தலைப்புப் பக்கத்தில் மெட்ராஸ், ஹிக்கின்பாதம்ஸ் என்று இருக்கும். அட்டையை வைத்துத் தேட முடியாது, என்னுடையதைப் போல அதுவும் வேறு துணியில் பைண்டு ஆகியிருக்கலாம். முதல் பாகத்தின் உள்ளட்டையில் பழைய உரிமையாளர் பென்சிலால் ஒரு மீன் படம் வரைந்து, பக்கத்தில் 2 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார். இரண்டு பாகமும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன என்றே நினைக்கிறேன். மீன் படம் போட்ட இன்னொரு புத்தகம் எங்காவது கண்ணில் பட்டால், யார் வாங்கினாலும் சரி, அந்தப் பக்கத்தை மட்டும் கிழிக்காமல் வையுங்கள்.